தோற்றவன் தோற்றவனாகவே: குந்தன் ஷாவின் நகைச்சுவை

குந்தன் ஷா என்றதும் ஒரே ஒரு படம்தான் நினைவுக்கு வரும்: 1983 ஆகஸ்டில் வெளியான ‘ஜானே பீ தோ யாரோ’. 2017 அக்டோபர் 7 அன்று, எழுபதாவது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், அவர் மும்பையில் காலமானபோது வந்த அஞ்சலிகளும் அந்தப் படத்தையே சுற்றிவந்தன. முதல் படத்திலேயே உச்சம் தொட்டார், அப்புறம் இறங்குமுகம்தான் என்று அவரைப் பற்றி ஒரு கதை நிலைத்துவிட்டது. திரைப்படப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கதையில் குற்றம் காண முடியாது. ஆனால் முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே பத்தாண்டு இடைவெளி இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் பெரும்பகுதியை அவர் தூர்தர்ஷனில் கழித்தார். அதையும் கணக்கில் சேர்த்தால் சித்திரம் மாறுகிறது. சினிமாவில் தொடங்கிய ஒரு விசாரணையை அவர் சின்னத்திரையில் நிதானமாகத் தொடர்ந்தார் என்றும், அங்கே கற்றதோடு 1994இல் சினிமாவுக்குத் திரும்பி வந்தார் என்றும் சொல்ல இடமிருக்கிறது. தோற்றவனைக் கடைசி ரீலில் ஜெயிக்க வைக்காமல், அவனை ஒரு தியாகியாகவும் ஆக்காமல், அவனோடு சேர்ந்து எவ்வளவு நேரம் சிரிக்க முடியும் என்பதுதான் அந்த விசாரணை.

புனே திரைப்படக் கல்லூரியில் எழுபதுகளில் இயக்கம் படித்தவர் குந்தன் ஷா. 1976இல் அவர் எடுத்த பட்டயப் படமான ‘போங்கா’, கொள்ளைக்கூட்டப் படங்களைக் கேலி செய்யும் ஒரு கிறுக்குத்தனமான முயற்சி. அந்தக் காலத்துப் புனே மாணவர்களிடம் இப்படியொரு படத்தை எதிர்பார்த்திருக்க முடியாது. கலைப்படம் என்றால் பஞ்சம், நிலவுடைமை, சாதிக் கொடுமை, நீண்ட மௌனம் என்றே இலக்கணம் இருந்தது. அந்த இலக்கணத்தின் முகங்களாக இருந்தவர்கள் நசீருதீன் ஷாவும் ஓம் பூரியும். இந்த இருவரையும் பிடித்து வந்து, ஒருவரை ஏமாளி போட்டோகிராபராகவும் இன்னொருவரைக் குடிகாரக் கட்டட காண்டிராக்டராகவும் ஆக்கியதே குந்தன் ஷாவின் முதல் நகைச்சுவை என்று சொல்லலாம். ஓம் பூரி மனம் புழுங்கும் போலீஸ் அதிகாரியாக நடித்த ‘அர்த் சத்யா’வும் அதே 1983இல்தான் வந்தது.

‘ஜானே பீ தோ யாரோ’வின் கதைக்கு வித்து, கல்லூரி நண்பர்கள் இருவர் ஹைதராபாத்தில் தொழிற்சாலைகளைப் படம்பிடிக்கும் ஸ்டூடியோ ஒன்றை ஆரம்பித்துப் பட்ட பாடு. படத்தில் அது பம்பாயின் ‘பியூட்டி போட்டோ ஸ்டூடியோ’ ஆகிறது. வினோத், சுதீர் என்று இரண்டு இளைஞர்கள் கடை திறக்கிறார்கள், ஆள் வருவதில்லை. ‘கபர்தார்’ என்ற பத்திரிகையின் ஆசிரியை, ஊழல் பேர்வழிகளை உளவு பார்த்துப் படமெடுக்கும் வேலையை இவர்களுக்குக் கொடுக்கிறார். புகைப்படப் போட்டிக்காகப் பூங்கா ஒன்றில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு கொலை தெரிகிறது. பூங்காவின் பெயர் அந்தோனியோனி பூங்கா. அந்தோனியோனியின் ‘ப்ளோ-அப்’ பார்த்தவர்களுக்கு மட்டும் ஒரு கண்சிமிட்டல். சயீத் மிர்ஸாவின் ‘ஆல்பர்ட் பிண்டோ’ படத்தின் நீளமான தலைப்பு இதில் உளவாளிகளின் ரகசியச் சொல்லாக வருகிறது. நாயகர்களின் பெயர்களே தயாரிப்பைக் கவனித்துக்கொண்ட விது வினோத் சோப்ராவிடமிருந்தும், குந்தன் ஷாவோடு திரைக்கதை எழுதிய சுதீர் மிஸ்ராவிடமிருந்தும் எடுத்துக்கொண்டவை. ஒரு கல்லூரி வட்டம் தனக்குள் பேசிச் சிரித்துக்கொண்ட விஷயங்கள் இவை. வெளியாட்களுக்குப் புரியாவிட்டாலும் படம் எங்கும் இடறவில்லை.

பணம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தினுடையது. ஏறக்குறைய 7 லட்சம் ரூபாய். அன்றைய கணக்கிலும் அது சொற்பம். நசீருதீன் ஷா படத்தில் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் நிக்கான் கேமரா அவருடைய சொந்தக் கேமரா. படப்பிடிப்பின்போது அது திருடுபோனது. உச்சக்காட்சியில் வரும் மகாபாரத நாடகத்தின் துச்சாதனன் வேஷத்துக்கு ஆள் இல்லாதபோது விது வினோத் சோப்ராவே வேஷம் கட்டினார். அனுபம் கேர் நடித்த ஒரு பாத்திரம் நீளம் கருதி முழுதாக வெட்டப்பட்டது. படத்தொகுப்பு ரேணு சலூஜா, ஒளிப்பதிவு பினோத் பிரதான், இசை வன்ராஜ் பாட்டியா. பிற்பாடு ஒவ்வொருவரும் தத்தம் துறையில் பெரும் பெயராகிவிட்டதால், இன்று அந்த டைட்டில் கார்டைப் பார்க்கிறவர்களுக்கு மலைப்பாக இருக்கும். அன்றைக்கு அவர்கள் கூலி குறைவாகக் கேட்கும் நண்பர்கள், அவ்வளவுதான்.

கதை நடக்கும் பம்பாயின் காற்றில் அப்போது சிமெண்ட் வாடை. சிமெண்ட் ஒதுக்கீட்டுக்குக் கைம்மாறாகக் கட்டட முதலாளிகளிடம் அறக்கட்டளைக்கு நன்கொடை வாங்கியதாக எழுந்த வழக்கில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு பாதகமாக வர, மகாராஷ்டிர முதல்வர் அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலகியிருந்தார். படத்தில் மாநகராட்சி ஆணையர் டிமெல்லோ, மேம்பால காண்டிராக்ட்டை வைத்து ஏலம் விடுகிறார். தர்னேஜா, அஹூஜா என்ற இரண்டு கட்டட முதலாளிகள் போட்டியிடுகிறார்கள். டிமெல்லோ கொலையாகிறார். பிறகு படத்தின் இரண்டாம் பாதி முழுக்க அவருடைய பிணம்தான் கதாநாயகன். சதீஷ் ஷா அந்தப் பிணத்தை நடித்திருக்கும் விதத்தை நடிப்புப் பள்ளிகளில் பாடமாக வைக்கலாம். கண் திறந்தபடி, லேசான திருப்தியோடு, யார் எப்படித் தள்ளினாலும் அந்தப் பக்கம் சாய்கிற ஒரு அரசு அதிகாரி. உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான் இருந்தார் என்பதுதான் அதில் உள்ள விஷமம்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நள்ளிரவு. நிறைபோதையில் காரோட்டி வரும் அஹூஜா, நடுச்சாலையில் சவப்பெட்டியோடு கிடக்கும் டிமெல்லோவைப் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு அது ஏதோ புதுமாதிரி ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே இருப்பவர் வண்டி பழுதாகி நிற்கும் ஒரு கனவான். வழிவிடச் சொல்லிச் சத்தம் போடுகிறார், பதில் இல்லை. இறங்கி வந்து பார்த்து, சக்கரம் இல்லாததைக் கண்டுபிடித்து இரக்கப்பட்டு, தன் ஸ்டெப்னியைத் தருகிறேன் என்கிறார். பிறகு கயிறு கட்டித் தன் காரோடு இழுத்துப் போகிறார். ஓம் பூரி இதில் குடிகாரனுக்குரிய தள்ளாட்டம், குளறல் எல்லாம் காட்டுகிறார். ஆனால் சிரிப்பு அங்கிருந்து வருவதில்லை. அவருடைய மரியாதையிலிருந்து வருகிறது. வழியில் பழுதாகி நின்ற சக வாகனதாரருக்கு உதவ வேண்டும் என்ற நற்பண்பு அவரிடம் குறையாமல் இருக்கிறது. பகலில், நிதானத்தோடு, அதே மனிதர் பாலத்துக்கான சிமெண்டில் மண்ணைக் கலக்கத் தயங்காதவர். கேமராவுக்கும் இங்கே அவசரம் கிடையாது. சிரிக்கச் சொல்லி யாரையும் நெட்டித் தள்ளாமல் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

உச்சக்காட்சியான மகாபாரத நாடகத்தைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். பிணத்தோடு துரத்தல் ஒரு நாடக அரங்குக்குள் புகுந்துவிட, டிமெல்லோ சேலை கட்டித் திரௌபதியாகிறார். துகிலுரிய வேண்டிய கௌரவர் தரப்பு துகிலுரிதலே வேண்டாம் என்கிறது. பீமனாக வந்து நிற்கும் அஹூஜா கறுப்புக் கண்ணாடி அணிந்தபடி, திரௌபதியில் எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று கம்பெனி பங்குதாரர் பாஷையில் பேசுகிறார். நடுவில் முகலாய நாடகத்து அக்பரும் சலீமும் நுழைந்துவிடுகிறார்கள். குருட்டுத் திருதராஷ்டிரன் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். யாரும் பதில் சொல்வதில்லை. வசனம் எழுதிய ரஞ்சித் கபூர், சதீஷ் கௌஷிக் இருவரும் தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் பார்சி நாடக மேடையின் உரத்த நடையை உள்ளிருந்தே கேலி செய்ய அவர்களால் முடிந்தது. கூத்து பார்த்து வளர்ந்த நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் காட்சியில் மொழி ஒரு தடையே இல்லை. துகிலுரிதல் மேடையில் குழப்பம் நேர்ந்தால் கட்டியங்காரன் எப்படிச் சமாளிப்பான் என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

இத்தனை கோமாளித்தனத்துக்குப் பிறகு படம் எங்கே போய் நிற்கிறது? இரண்டு முதலாளிகள், புதிய ஆணையர், புரட்சிப் பத்திரிகையின் ஆசிரியை எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசிச் சமரசமாகிறார்கள். கட்டிய மேம்பாலம் இடிந்துவிட, அந்தப் பழி போட்டோகிராபர்கள் தலையில் விழுகிறது. கைதி உடையில் வினோதும் சுதீரும் பம்பாய்த் தெருவில் நடந்து வருகிறார்கள். படத்தின் தொடக்கத்தில் அவர்கள் கடைக்கு நம்பிக்கைப் பாட்டாக ஒலித்த அதே ‘ஹம் ஹோங்கே காமியாப்’ பின்னணியில் ஒலிக்கிறது. இருவரும் நம்மைப் பார்த்துத் தொண்டையை அறுப்பதுபோல் சைகை காட்டுகிறார்கள். அரசுப் பணத்தில் எடுத்த படம் இப்படி முடிகிறது. அரசே இதற்கு அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருதையும் கொடுத்தது. அந்தக் காலத்து அரசு அலுவலகங்களில் சகிப்புத்தன்மை இருந்ததா, அலட்சியம் இருந்ததா என்பது விவாதத்துக்குரியது. எது இருந்தாலும் கலைஞனுக்கு லாபம்தான்.

திரையரங்கில் படம் பெரிதாக ஓடவில்லை. தூர்தர்ஷனில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகியும் வீடியோ கேசட்டிலும்தான் அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. இதை வெறும் வெளியீட்டுத் தகவலாக நான் பார்க்கவில்லை. வீட்டில், குடும்பத்தோடு, பாதியில் எழுந்து போய்விட்டு வந்து பார்த்தாலும் ஒட்டிக்கொள்கிற படம் அது. அதன் இயக்குநர் தொலைக்காட்சிக்குப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்து, ஒளிபரப்புக் கோபுரங்கள் நாடெங்கும் பெருகிய காலம். 1984 ஜூலையில் ‘ஹம் லோக்’ தொடங்கியது. அதே ஆண்டில் ‘யே ஜோ ஹை ஜிந்தகி’. இந்தி அங்கத எழுத்தாளர் சரத் ஜோஷி எழுதியது. இயக்கியவர்களுள் ஒருவர் குந்தன் ஷா. ஒரு தம்பதி, உடன் தங்கியிருக்கும் தம்பி, வாராவாரம் வீட்டுக்கு வரும் யாரோ ஒருவர். அந்த ‘யாரோ ஒருவர்’ ஒவ்வொரு வாரமும் சதீஷ் ஷாதான். வாரம் ஒரு வேஷம், வாரம் ஒரு பாஷை. முந்தைய ஆண்டு பிணமாக அசையாமல் கிடந்தவரை இப்போது அரை மணி நேரத்துக்குள் ஒரு முழு மனிதனாகக் கட்டியெழுப்பிக் கலைக்க வேண்டும். தொடர் சுகமானது, நகர்ப்புற நடுத்தர வர்க்கத்துக்கு ஏற்றது. பெரிதாகக் கடித்துவிடாது.

கடி ‘நுக்கட்’டில் வந்தது. 1986இல் சயீத் மிர்ஸாவோடு சேர்ந்து இயக்கிய இந்தத் தொடர்தான், என் கணிப்பில், அவருடைய ஆகச் சிறந்த வேலைகளில் முதல் படத்துக்குச் சமமாக வைக்கத்தக்கது. நுக்கட் என்றால் தெருமுனை. தொடருக்குக் கதாநாயகன் என்று யாரும் இல்லை, தெருமுனைதான் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் குரு, சைக்கிள் கடை ஹரி, ஹோட்டல்கார காதர் பாய், பிச்சைக்காரர் கன்ஷு, போலீஸ்காரர் கண்பத், எல்லோரும் மரியாதை வைத்திருக்கும் ஒரு டீச்சர், எப்போதும் போதையில் இருக்கும் கோப்டி. திலீப் தவனின் குருவை ஒரு கட்டத்தில் தலைவராக்கியிருக்கலாம்; ஆக்கவில்லை. கோப்டியாக நடித்த சமீர் கக்கரைக் கோமாளியாக மட்டும் வைத்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. கலைந்த தலையும் இழுபட்ட குரலுமாக அவர் வந்து நின்றால் தெருவே சிரிக்கும். ஆனால் தெருவின் அந்தரங்கங்களை அதிகம் அறிந்தவரும் அவர்தான். ஒருவரிடம் கடன் வாங்கி இன்னொருவரின் கடனை அடைப்பதுபோலவே இவர்கள் ஒருவரிடம் இரவல் வாங்கிய கௌரவத்தை இன்னொருவருக்குக் கொடுத்து வாழ்கிறார்கள்.

இங்கே சயீத் மிர்ஸாவின் பங்கு எது, குந்தன் ஷாவின் பங்கு எது என்று கோடு கிழிப்பது வீண்வேலை. மிர்ஸாவின் படங்களில் உள்ள இடதுசாரிக் கோபம் தொடரில் இருக்கிறது. அந்தக் கோபம் பிரசங்கமாகாமல் தடுப்பது நகைச்சுவை. அதைக் குந்தன் ஷாவின் கணக்கில் எழுதினால் மிர்ஸாவே ஆட்சேபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ‘ஜானே பீ தோ யாரோ’வில் இரண்டு தோற்றவர்கள் ஒரு நகரத்தின் அதிகாரத்தோடு மோதி நசுங்கினார்கள். ‘நுக்கட்’டில் அப்படியான நசுங்கல் நடந்து முடிந்த பிறகு மிச்சமிருப்பவர்கள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாராவாரம் பார்த்தால்தான் அந்த உட்கார்தலின் எடை தெரியும். இரண்டரை மணி நேரச் சினிமாவில் அதைச் செய்ய முடியாது.

1988இல் வந்த ‘வாக்லே கி துனியா’ ஒரு படி மேலே, குமாஸ்தா உலகத்துக்கு ஏறியது. கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணின் பாத்திரங்களை அடிப்படையாகக் கொண்டது. மைசூரின் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் லக்ஷ்மண். அவருடைய அண்ணன் ஆர்.கே. நாராயணின் ‘மால்குடி டேஸ்’ஸும் இதற்கு முன்புதான் அதே தூர்தர்ஷனில் வந்திருந்தது, அண்ணன் தம்பி இருவருடைய உலகங்களும் சில வருட இடைவெளியில் நாடு முழுக்க வீடுகளுக்குள் நுழைந்தன. மெட்ராஸிலும் மதுரையிலும் இரவு தேசிய ஒளிபரப்பை வேறு வழியில்லாமல் பார்த்தவர்களில் இந்தி தெரியாமலே வாக்லேயை ரசித்தவர்கள் உண்டு. அஞ்சன் ஸ்ரீவாஸ்தவின் முகம் போதும். நெற்றி சுருங்கும் விதத்திலேயே மாதக் கடைசி தெரிந்துவிடும். மனைவி ராதிகாவாக வரும் பாரதி அச்ரேகர் அவர் சொல்ல வாயெடுக்கும் முன்பே விஷயத்தைப் புரிந்துகொண்டு, புரியாததுபோல் இருப்பார். லக்ஷ்மணின் சாமானியன் வாய் திறக்காதவன். குந்தன் ஷாவின் வாக்லே பேசுகிறவர், அதுவும் தப்பான இடத்தில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துகிறவர். ஒரு பகுதியில் வாக்லேயின் மேல் காரை மோதிவிடும் இளைஞனாக வந்தவர் ஷாருக் கான்.

அந்த ஷாருக் கான்தான் 1994 பிப்ரவரியில் ‘கபீ ஹான் கபீ நா’வின் சுனில். கோவா, ஒரு இசைக்குழு, ஆனா என்ற பெண், அவள் விரும்பும் கிறிஸ் என்ற நண்பன். சுனில் பொய் சொல்வான், கோள் மூட்டுவான், மாட்டிக்கொள்வான். தேர்வில் தோற்றவன், பாஸானதாகப் பொய் மார்க் ஷீட் செய்து அப்பாவிடம் காட்டுகிறான். வீடே கொண்டாடும்போது அந்த மகிழ்ச்சியின் நடுவே சோறு இறங்காமல் தவிக்கிறான். வழக்கமான நகைச்சுவை மாட்டிக்கொள்ளும் தருணத்துக்காகக் காத்திருக்கும். இங்கே மாட்டிக்கொள்ளாமல் இருப்பதே தண்டனை. இப்படிக் காட்சியின் சுமையை ஒரு வீட்டுக் கூடத்துக்குள் வைத்துத் தாங்கவைக்கும் வித்தையை அவர் வாக்லேயின் வீட்டில் பழகியிருந்தார்.

இந்தப் படம் வெளிவந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1993 நவம்பரில் ‘பாஜிகர்’, டிசம்பரில் ‘டர்’. பழிக்காகவும் காதலுக்காகவும் எதையும் செய்யத் துணிகிற ஷாருக்கை ரசிகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே நடிகர், தான் காதலித்தவள் இன்னொருவனை மணக்கும் சர்ச்சில் நின்று அதை ஏற்றுக்கொள்கிறார். ‘டர்’ படத்தின் ராகுல் அடைய முடியாததால் கத்தியெடுக்கிறான். சுனில் அழுது முகத்தைக் கழுவிக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறான். இந்தி சினிமாவின் காதலனுக்கு இப்படியும் ஒரு வழி இருந்தது. வியாபாரம் வேறு வழியில் போனது. ஃபிலிம்ஃபேர் விமர்சகர் விருது படத்துக்கும் கிடைத்தது, ஷாருக்குக்கும் கிடைத்தது. பின்னாளில் படத்தின் உரிமையும் ஷாருக்கின் நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது.

பிறகு வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். திருமணத்துக்கு முன் கர்ப்பமான கல்லூரிப் பெண் குழந்தையைப் பெற்றுக்கொள்ளத் தீர்மானிக்கும் ‘க்யா கெஹ்னா’ (2000) நன்றாக ஓடியது. பேச எடுத்த விஷயம் துணிச்சலானது, சொன்ன முறையில் குந்தன் ஷாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஹம் தோ மொஹபத் கரேகா’, ‘தில் ஹை தும்ஹாரா’, ‘ஏக் ஸே பட்கர் ஏக்’ ஆகியவை நட்சத்திரத் தேதிகளுக்காக எடுக்கப்பட்ட படங்கள். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். வரதட்சணை கொடுக்க வழியில்லாத வீட்டில் தற்கொலைக்குத் தயாராகும் மூன்று சகோதரிகளைப் பற்றிய ‘தீன் பெஹ்னே’ அவருக்கு நெருக்கமான படம். அது திரையரங்குகளுக்குப் பரவலாக வரவே இல்லை. கடைசிப் படமான ‘பி ஸே பிஎம் தக்’கில் பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண் அரசியலில் ஏறுகிறாள். அங்கதத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது. ஆனால் குறி வைத்த அரசியல்வாதிகள் ஏற்கெனவே செய்தித் தொலைக்காட்சிகளில் தங்களைத் தாங்களே இன்னும் நன்றாகக் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

2015இல் அவர் மறுபடி தலைப்புச் செய்திகளில் வந்தார். புனே கல்லூரித் தலைவர் நியமனத்தை எதிர்த்து மாணவர்கள் நான்கு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நியமிக்கப்பட்டவர் கஜேந்திர சௌஹான், பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடரில் யுதிஷ்டிரராக நடித்தவர். மாணவர்களுக்கு ஆதரவாகவும், நாட்டில் வளரும் சகிப்பின்மைக்கு எதிராகவும் குந்தன் ஷா உட்பட இருபதுக்கும் மேற்பட்ட திரைத்துறையினர் நவம்பர் 5 அன்று தேசிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் திருப்பியது ‘ஜானே பீ தோ யாரோ’வுக்கான விருது. பாரதக் கதையை மேடையில் தலைகீழாக்கிய இயக்குநரும் தொலைக்காட்சித் தருமரும் ஒரு கல்லூரி விவகாரத்தில் எதிரெதிராக நின்றார்கள்.

இன்றைய சூழலில் அந்தப் படத்தை எடுக்கவே முடியாது என்று அவர் அப்போது சொன்னார். அரசியலை நினைத்துச் சொன்னது அது; மறுப்பதற்கில்லை. ஆனால் பணக்கணக்கில் பார்த்தால் அந்தக் கதவு அதற்கு வெகுகாலம் முன்பே சாத்தப்பட்டுவிட்டது. 7 லட்சத்துக்குப் படமெடுக்கும் அரசுக் கழகம், பாதிக் கூலிக்கு இரவு பகலாக உழைக்கும் கல்லூரி நண்பர்கள், விளம்பரதாரர் தலையீடு அதிகமில்லாத ஒரே ஒரு அலைவரிசை: இந்த மூன்றில் எதுவும் தொண்ணூறுகளின் பாதிக்குப் பிறகு அவருக்குக் கிடைக்கவில்லை. நண்பர்கள் பெரிய ஆட்கள் ஆனார்கள், தூர்தர்ஷனின் இடத்தை செயற்கைக்கோள் சேனல்கள் பிடித்தன, தயாரிப்பாளர்கள் நட்சத்திரத்தின் தேதியைக் கொடுத்துவிட்டு வெற்றியைக் கேட்டார்கள். கடைசி ரீலில் ஜெயிக்கும் நாயகனை எப்படி எடுப்பதென்று குந்தன் ஷாவுக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை.